அணிந்துரைக்குக் காத்திருந்த புத்தகம்

என் முதல் புத்தகம் எழுபது வயதுக்கு மேல்தான் வந்தது. வந்த பிறகு நல்லதும் நடந்தது. ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, அதில் தன் அம்மாவைப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் அந்தப் புத்தகம் ஒரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். தாமதத்துக்கு நான்தான் காரணம். இதை எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தைப் பற்றிய கதைகள் அவை. எழுத எழுதப் படித்தவர் ஒருவர்தான். என் பிரிவிலேயே வேலை செய்து ஓய்வுபெற்று, பூந்தமல்லியில் மகன் வீட்டில் இருந்த பாய். பஸ் ஏறிப் போய்த் தாள்களைக் கொடுப்பேன். அடுத்த முறை போகும்போது ஓரமெல்லாம் பென்சில் கோடு இருக்கும்.

"இன்னா நைனா, இந்தாளு கேன்டீன்ல இம்மாம் நேரம் அழுவறான்? டீ ஆறிப் பூடாது?"

நான் அழுகையைக் குறைப்பேன்.

கடைசிக் கதையை முடித்த சமயத்தில் அவருக்குக் கண்ணில் நீரழுத்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சீக்கிரம் போட்டுடு நைனா. ஓரமெல்லாம் இருட்டிகினே வருது. புக்கா ஒரு தபா நானே படிச்சிடணும்," என்றார் பாய்.

பதிப்பாளர் கிடைத்தார். மெய்ப்புத் திருத்தியாயிற்று, அட்டையும் தயார். அணிந்துரை மட்டும் பாக்கி. முதல் புத்தகம் அணிந்துரை இல்லாமல் வருவது, பெரியவர்கள் யாரும் கூட வராமல் பெண் பார்க்கப் போவது மாதிரி என்று நினைத்தேன்.

"வேணும்னா நான் நாலு வரி எழுதட்டா?" என்று பாய் தயங்கிக் கேட்டார்.

"உங்க பேரு யாருக்குத் தெரியும் பாய்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

முகப்பேரில் இருந்த ஒரு மூத்த எழுத்தாளரிடம் பிரதியைக் கொடுத்தேன். அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார். பிறகு வெளியூர்க் கூட்டம் என்றார். பிறகு ஒரு துக்கம். பிறகு, "பிரதியை எங்கோ வைத்துவிட்டேன், இன்னொன்று கிடைக்குமா?" என்றார். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. மூட்டுவலியோடு ஏறினால் கதவு பூட்டியிருக்கும்.

"இன்னா சாரே, கரண்டு ரீடிங் எடுக்கறவன் கூட இத்தினி வாட்டி வரல," என்றார் கீழே வாட்ச்மேன்.

புத்தகக் கண்காட்சி வந்து போனது. பதிப்பாளர் போன் செய்தார். "அணிந்துரை இல்லாமலே போட்டுடலாமா சார்? கதைங்க தானா நிக்கும்."

வேண்டாம், காத்திருக்கலாம் என்றேன். எனக்கு அந்தப் பெயர் அட்டையில் வேண்டும்.

அந்த வாரம் பூந்தமல்லி போனபோது, மருமகள் செய்தித்தாளை வாசிக்க பாய் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காதவன் போல உட்கார்ந்தேன்.

"பெரியவரு எழுதிட்டாரா?"

"எழுதிட்டு இருக்காராம் பாய்."

ஒரு வழியாக ஒன்றரைப் பக்க அணிந்துரை வந்தது, புத்தகமும் வந்தது. முதல் பிரதியைப் பாயிடம் கொண்டுபோனேன். ஜன்னல் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்து கீதுன்னு தெரியுது. இன்னா எழுத்துன்னு தெரியல. நீயே படி."

நான் அணிந்துரையில் ஆரம்பித்தேன். மண்ணின் மணம், ஏர் பிடித்த கைகளின் ஈரம் என்று போனது அது.

"ஏரா? நம்ம ஷாப்புல அது எந்த மெஷின் நைனா?"

மருமகள் உள்ளிருந்து சிரித்தார். என்னால் மேலே படிக்க முடியவில்லை. பதிப்பாளர் கேட்டதையும், நான் வேண்டாம் என்றதையும் அப்போதுதான் சொன்னேன்.

பாய் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்போ நடுவுல கொஞ்சம் தெரிஞ்சிகினு இருந்துச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"சரி, கதையப் படி."

முதல் கதையைத் தொடங்கினேன். குற்ற உணர்ச்சியில் வேகமாகப் போனேன் போலிருக்கிறது.

"ஓடாத. நான் படிக்கிற மாதிரி படி."

அவர் எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியாது. தாள்களைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருந்தேன்.