எந்த இழுப்பு?

பத்திரிகை வேலையை விட்ட பிறகு, தாய் இறப்பு ஆய்வுகளுக்கு அறிக்கை எழுதும் ஒப்பந்த வேலைக்கு வந்தேன். பிரசவத்தை ஒட்டி ஒரு பெண் இறந்துபோனால் மாவட்டத்தில் ஒரு குழு கூடும். யார் தவறு என்று அது எழுதாது. தாமதம் எங்கே நடந்தது என்று மட்டும் எழுதும். வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா?

அரிமளம் பக்கத்துப் பெண் ஒருவரின் கோப்பில் நான் 'வீடு' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தேன். எட்டு மாதக் கர்ப்பம். காலை பத்து மணிக்கு மூச்சுத் திணறல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது பன்னிரண்டேகாலுக்கு. அங்கே மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை பிழைத்தது. தாய் மறுநாள் இறந்தார். இரண்டேகால் மணி நேரம் வீட்டில் வைத்திருந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

குழு கூடுவதற்கு முன், ஆய்வு செய்யும் பெண் டாக்டரும் நானும் இறந்தவரின் அம்மாவைப் பார்க்கப் போனோம். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"மாப்ள துபாய்ல இருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ஏன் ரெண்டு மணி நேரம் வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீகன்னு. அதோட பேச்ச நிறுத்திட்டாரு. பேத்தி அவுக வீட்டுல இருக்கு. நான் போனா கதவு தெறக்க மாட்டேங்கிறாக."

"ஏம்மா ரெண்டு மணி நேரம்?" என்றார் டாக்டர்.

"இழுப்பு வந்துருச்சுன்னு சுகாதார நெலையத்து நர்சம்மாவுக்கு ஒடனே போன் போட்டேன். சாச்சு உக்கார வைங்க, வெந்நி குடுங்க, அடங்குனதும் கூட்டியாங்கன்னாக. அடங்கும், திரும்ப வரும். மூணாவது தடவ வந்ததும் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தேன். அங்கயும் இழுப்புன்னுதான் சொன்னேன்."

"முன்னாடி ஆஸ்துமா இருந்துச்சா?"

"ஆஸ்துமாவா? அவளுக்குச் சளியே பிடிக்காது டாக்டரம்மா."

எழுதுவதை நிறுத்தினேன். "எந்த இழுப்பும்மா? செஞ்சு காட்டுங்க."

"இழுப்புன்னா தெரியாதா? தம்பி எந்த ஊரு?" என்று என்னை முறைத்தார். பிறகு முழங்கைகளை மடக்கி, விரல்களை இறுக்கி, கைகளை வெட்டி வெட்டி இழுத்தார். தாடை ஒரு பக்கமாகக் கோணியது. நாலைந்து விநாடிதான். டாக்டர் எழுந்து அவர் கையைப் பிடித்தார். "போதும்மா."

அது வலிப்பு. ரத்த அழுத்தம் ஏறிக் கர்ப்பிணிகளுக்கு வருவது. அதற்கான முதல் ஊசி அந்தச் சுகாதார நிலையத்திலேயே இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த நேரத்தில் வலிப்பு நின்று, மயக்கத்தில் மூச்சு கொறகொறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் போனில் கேட்ட சொல்லுக்கு அது பொருந்திவிட்டது. நிலையத்தின் சீட்டில் ரத்த அழுத்தம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த அம்மாவின் முதல் வாக்குமூலத்திலும் 'இழுப்பு' என்றுதான் இருந்தது. அதை 'மூச்சுத் திணறல்' என்று திருத்தியவன் நான்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "நீங்க எழுதுறத மாப்ளைட்ட யாரு சொல்லுவா?"

அன்று போனில் பேசிய நர்ஸ் குழுவின் முன் வந்தார். வேறு மாவட்டத்துக்காரர், ஒப்பந்தப் பணி. "எங்க ஊர்ல இழுப்புன்னா மூச்சிழுப்புதான் சார். இங்க ரெண்டுக்கும் சொல்றாங்கன்னு தெரியல."

"பிரஷர் பாக்கவும் அகராதி வேணுமா சிஸ்டர்?" என்றார் ஒருவர். யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

'வீடு' கட்டத்திலிருந்த குறியை அடித்து நீக்கினேன். இனி போனில் 'இழுப்பு' என்று யார் சொன்னாலும், கை கால் வெட்டுகிறதா, நெஞ்சு இழுக்கிறதா என்று கேட்க வேண்டும் என முடிவானது. குடும்பத்துக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அறிக்கை ரகசியம், வெளியே போகாது என்றார் தலைவர்.

"அறிக்கை வேணாம் சார்," என்றார் நர்ஸ். "நானாப் போய்ச் சொல்லலாமா?"

"நாளைக்கு ஒங்க மேலயே கேஸ் போடுவாங்க. தெரியுமில்ல?" என்றார் தலைவர்.

"தெரியும் சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில் அந்த அம்மா, நர்ஸ், நான் என மூன்று பேர் இருந்தோம். நர்ஸ் தன் போனிலிருந்து துபாய்க்கு அழைத்து, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சுகாதார நிலையத்து நர்ஸ் பேசுறேங்க. அன்னைக்குப் பத்து பத்துக்கு ஒங்க அத்தை எனக்கு போன் பண்ணாங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வீட்ல வச்சிருக்கச் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரச் சத்தம். பிறகு, "அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் இழுத்துச்சு?"

நர்ஸ் அந்த அம்மாவைப் பார்த்தார். "ஆரம்பிச்ச ஒடனேயே போட்டேன் மாப்ள," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போன் துண்டிக்கப்படவில்லை.

"ஒங்க பேரு என்ன சிஸ்டர்?"

சொன்னார். மருமகன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான்; எழுதிக்கொள்கிறான் என்று புரிந்தது. எந்த நிலையம், எத்தனை வருஷம் வேலை என்றெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"சரி. அத்தைட்ட குடுங்க."

ஸ்பீக்கரை அணைத்து நர்ஸ் போனை நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.