இடமாக நான்கு சுற்று

என் மகளின் பால்ரூம் நடன ஆசிரியர் தேர்வுக்குப் பதினோரு நாட்கள் இருந்தபோது, அவளோடு ஜோடி சேர்ந்து ஆடிப் பழகியவருக்குச் சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. அவர் போனில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். விமானம் ஏறுமுன் ஒரு முறை. ஆக மூன்று. மூன்று மன்னிப்பை வைத்துக்கொண்டு தேர்வு எழுத முடியுமா?

மகளுக்கு முப்பத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கையில் சான்றிதழ் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். தேர்வுத் தேதியை நான் காலண்டரில் வட்டமிட்டு, தினமும் காலையில் மிச்ச நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க வாங்க ஜோடியா" என்றாள்.

"நானா? எனக்கு எழுபத்தொண்ணு ஆத்தா."

"ஜோடிக்கு மார்க் கெடையாதுப்பா. எனக்குத்தான் மார்க்கு. நீங்க விழாம இருந்தாப் போதும்."

தேர்வில், ஒன்று-இரண்டு-மூன்று என்று அடி வைக்கும் வால்ட்ஸ் ஒன்றை மட்டும் ஜோடியோடு ஆடிக்காட்ட வேண்டும். ஆசிரியராகப் போகிறவள் என்பதால் பெண் அடியும் தெரிய வேண்டும், ஆண் அடியும் தெரிய வேண்டும். நான் ஆணாக இரண்டு சுற்று. பிறகு அவள் ஆணாகவும் நான் பெண்ணாகவும் இரண்டு சுற்று. மொத்தம் நான்கு.

கீரனூரில் எங்கள் தெருக்கோடியில் உள்ள கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பழகினோம். பதினோரு நாளில் இரண்டு நாள் முகூர்த்தம். மிச்சம் ஒன்பது. நான் நில அளவைத் துறையில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவன். முதல் நாளே கூடத்தை அளந்துவிட்டேன். நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தாறு அடி அகலம். மின்விசிறி ஏழு, ஓடுவது ஐந்து. நடு மையத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம், அதைச் சுற்றித்தான் ஆட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். வால்ட்ஸ் ஆடுபவர்கள் கூடத்தை இடமாகத்தான் சுற்ற வேண்டுமாம். முன்னோக்கிப் போகிறவருக்கு நாற்காலி எப்போதும் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். என் கால் வலமாகவே போனது. கோயிலில் வலம், வேலையில் இருந்தபோது புல எல்லைக் கற்களை எண்ணியதும் வலம். முதல் நாள் பதினேழு தடவை தவறினேன். இரண்டாம் நாள் பதினாறு. இந்த வேகத்தில் குறைந்தால் தேர்வன்றைக்கும் தவறுவேன் என்று தெரிந்தது.

கூடம் கூட்டும் அம்மாள் விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள். "எந்தக் கல்யாணத்துக்குங்க ஐயா பழகுறீங்க?"

"பரீட்சைக்கு."

"பெயிலானா அடுத்த வருசமும் வருவீங்களா? எனக்குப் பொழுது போவுமே!"

ஐந்தாம் நாள் நான் பெண்ணானேன். மகள் தன் வலக்கையை என் இடது தோளுக்குக் கீழே முதுகில் வைத்தாள். நான் பின்னோக்கி நடக்க வேண்டும். நாற்காலியில் இடித்துக்கொள்வேனோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"திரும்பிப் பாக்காதீங்கப்பா. நேரா போங்க."

நின்றுவிட்டேன். வியர்த்துவிட்டது. மேல்மூச்சு வாங்குகிறது என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

எனக்கு மகன் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் என் மனைவிக்குக் கொள்ளிக்குடம் சுமந்தது நான்தான். இடது தோளில் தண்ணீர்க்குடம். சிதையை இடமாக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை. மூன்றாவது முடிந்ததும் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்து, "திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார்கள். இந்த ஆட்டத்துக்கு முன் என் வாழ்நாளில் இடமாகச் சுற்றியது அந்த ஒரு முறைதான். எங்களில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. மகளுக்கு எப்படித் தெரியும்? நானும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

மகள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கூட்டும் அம்மாள்கூட நிறுத்திவிட்டாள்.

"எத்தனை சுத்துன்னு சொன்னீங்க?" என்றாள் மகள்.

"மூணு."

"எனக்கு நாலு வேணும்ப்பா. மூணோட நின்னா நான் பெயிலு." மூக்கை உறிஞ்சினாள். "நாலாவதுல அம்மா இல்ல. அது என்னோடது. எந்திரிங்க."

எழுந்தேன். அன்று ஆறு தடவை தவறினேன்.

தேர்வு திருச்சியில் ஒரு ஹோட்டல் கூடத்தில். தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த அம்மையார். இசை தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணினேன். ஆணாக இரண்டு சுற்று போயிற்று. மாறினோம். அவள் கை இடது தோளுக்குக் கீழ் வந்தது. மூன்றாவது சுற்றில் குடம் சுமந்த அந்தத் தோள் கனத்தது. அவள் என்னைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. முன்னால் வந்துகொண்டே இருந்தாள். நான் பின்னால் போய்த்தானே ஆக வேண்டும்? திரும்பிப் பார்க்காமல் போனேன். அந்தச் சுற்றின் கடைசி மூலை திரும்பியதும் "நாலு!" என்று என் வாய் உரக்கச் சொல்லிவிட்டது. தேர்வாளர் தலை நிமிர்ந்தார். மகள் கை அழுத்தியது, அவ்வளவுதான். ஆடி முடித்தோம்.

பிறகு வாய்மொழித் தேர்வு. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். தரையில் ஓடுகள், எண்பத்தெட்டு. அரை மணி கழித்து ஒரு தாளோடு வந்தாள். தேறிவிட்டாள். ஒரே ஒரு கேள்வி தவறு. உடம்பு வலப்பக்கமாகச் சுழலும் வலத் திருப்பத்தில் முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவே பெண் எவ்வளவு திரும்ப வேண்டும்? கால் சுற்று என்றிருக்கிறாள். அது ஆணுக்கு. பெண்ணுக்கு எட்டில் மூன்று, காலே அரைக்கால்.

"வீட்ல பதினாலு தடவ கேட்டேன் ஆத்தா. பதினாலு தடவையும் சரியாச் சொன்னே" என்றேன் பஸ்ஸில்.

"பாஸாயிட்டேன்ப்பா."

"அது சரி. காலே அரைக்கால். எப்படி விட்டே?"

"நீங்க ஏன் நாலுன்னு கத்துனீங்க? அதச் சொல்லுங்க முதல்ல."

"எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதுல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மாத்தூர் தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அந்தக் காலே அரைக்கால் கீரனூர் வரை அரித்துக்கொண்டே வந்தது.