செவ்வாய், வியாழன், சனி

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்த மனிதருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து மூன்று மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது, மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. செவ்வாய், வியாழன், சனி என்றால் காலை ஏழு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். டயாலிசிஸுக்குப் போய்ப் பழகிய கால்கள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று மனைவி கேட்டால் சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டுகிறார்.

இரண்டு வருடம், வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டாற்போலப் படுத்திருந்தவர். பக்கத்துக் கட்டிலில் ஒரு எலெக்ட்ரீஷியன், எதிரே டீச்சரம்மா. மூன்று பேரும் தங்களுக்குச் சங்கம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். சேருவதற்குக் கட்டணம் இரண்டு கிட்னி என்பார் எலெக்ட்ரீஷியன். ஆறு வருடமாக வருகிறவர் என்பதால் தலைவர் பதவியையும் அவரே எடுத்துக்கொண்டார். ஊர்ப்பட்ட வம்பு பேசுவார்கள். எடை பார்க்கும்போது யார் உடம்பில் அதிகத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பந்தயம் கட்டுவார்கள். பேர், வீடு, போன் நம்பர் மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. ஒரு கட்டில் காலியானால் ஏன் என்று நர்ஸிடம் கேட்கக் கூடாது. தெரிந்துகொண்ட பிறகு அதே அறையில் அதே ஊசிக்குக் கையை நீட்ட யாரால் முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்று வேறொரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. ஆறு வருடமாகக் காத்திருக்கிறவரிடம், இரண்டே வருடத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். டயாலிசிஸில் இருக்கிற அவர்களுக்கோ நாள் முழுக்கச் சேர்த்தே அரை லிட்டர்தான். ஒவ்வொரு டம்ளரையும் சுவரைப் பார்த்து நின்று திருட்டுத்தனமாகக் குடித்தார்.

கூடவே கோபமும் வந்தது. டயாலிசிஸ் ஆஸ்பத்திரியில் தன் நம்பர் இருக்கிறதே, அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை விசாரித்தால் என்ன குறைந்துவிடும்? வயிறெரிகிறார்கள். கை கழுவிவிட்டார்கள். இதையே நினைத்து நினைத்துக் கடையில் இரண்டு லென்ஸைக் கீறிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மனைவியே முகக்கவசத்தை எடுத்து நீட்டினாள். "போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. நடந்து நடந்து தரையே தேயுது" என்றாள்.

அறை வாசலில் தயங்கி நின்றார். அவர் கட்டிலில் வேறு யாரோ. டீச்சரம்மா அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். எலெக்ட்ரீஷியனின் முகம் வெளிறிப்போயிற்று.

"எனக்குக் கிட்னி கிடைச்சிடுச்சு, அண்ணே. சொல்லாம இருந்தது என் தப்புதான். அதுக்காக ஒருத்தர்கூடவா விசாரிக்கக் கூடாது?"

"உன் கட்டில் காலியாச்சு" என்றார் எலெக்ட்ரீஷியன். "அடுத்த வாரம் வேற ஆளைப் போட்டாங்க. நாங்க கேட்கலை."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தச் சட்டத்தைப் போட்ட மூன்று பேரில் அவரும் ஒருவர். மூன்று மாதமாக இவர்களைப் பொறுத்தவரை அவர் செத்துப்போன ஆள். அவருக்காக ஒரு வாரம் சோறு இறங்கவில்லை என்று டீச்சரம்மா தேம்பினார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். மூன்று மாதம் இவர்களைத் திட்டித் தீர்த்ததை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

எலெக்ட்ரீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல கோபம். திரும்பாமலே பேசினார்.

"உனக்காக ஒரு வாட்டி அழுது முடிச்சாச்சு. இன்னொரு வாட்டி என்னால ஆகாது. நம்பரைக் குடுத்துட்டுப் போ."

காகிதம் இல்லை. டீச்சரம்மாவின் பேனாவை வாங்கி, எலெக்ட்ரீஷியனின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேலேயே எழுதினார். அவசரத்தில் ஒரு எண் தப்பாக விழுந்தது. அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். எலெக்ட்ரீஷியன் அதை வாய்விட்டு இரண்டு முறை படித்துச் சரிபார்த்துக்கொண்டார்.