மாமனாரின் காருக்கு வெளிச்சம் வந்த ஞாயிறு

கல்யாணமாகி ஏழு மாதம் வரை என் மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதன்முதலாக அவர் பேச வந்து நின்றபோது கையில் ஓரம் கிழிந்த உப்புத்தாள் ஒன்று இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆவடியில் அவர்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். நான் வெள்ளானூர் காலனியில், கூலிக்கு நாற்று நட்ட அம்மாவின் மகள். பதிவுத் திருமணம். மாமனார் தடுக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை. நான் எதிரில் இருக்கும்போதே, "அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சான்னு கேளு" என்று மாமியாரிடம் சொல்வார். கேட்க மறந்ததில்லை, அதுதான் வேடிக்கை. என் அம்மா வீட்டுப் பக்கம் மட்டும் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் முன்விளக்குகளின் மூடி கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளாகி, பீளை கட்டிய கண்போல் மங்கிக் கிடந்தது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. இருட்டினால் பாதை தெரியாது என்று ஐந்து மணிக்கே வீடு திரும்பிவிடுவார். அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், இரும்புக் கேட்டுக்கு வாங்கிய உப்புத்தாளால் ஒரு மூடியைத் தேய்த்துவிட்டார். அது சுண்ணாம்பாய் வெளுத்துப்போனது. மாமியாரும் என் கணவரும் அன்று வீட்டில் இல்லை.

"நீ கண்ணாடி தேய்க்கிற கம்பெனிலதான கீற? இத்த இன்னா பண்றதுன்னு தெரியிலமா."

அம்பத்தூரில் மூக்குக்கண்ணாடி வில்லைகளை மெருகேற்றுவதுதான் என் வேலை. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற நைசான உப்புத்தாள், வாட்டர் பேப்பர் என்பார்கள், அதில் நான் சொன்ன எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு சைக்கிளில் போனார். பெயிண்ட் கடைக்காரரை வீட்டுக்கே போய் எழுப்பி அழைத்துவந்து கடையைத் திறக்கவைத்திருக்கிறார்.

நான் தேய்த்தேன், அவர் சொம்பால் தண்ணீர் ஊற்றினார். ஒரு தாள் நெடுக்கில், அடுத்தது குறுக்கில். தண்ணீர் பால்போல் வழிந்தது. இன்னும் வெளுக்கிறதே என்று பதறினார். முதலில் அப்படித்தான் ஆகும், பொறுங்கள் மாமா என்றேன். பிறகு மறு மூடியைத் தானே தேய்க்க உட்கார்ந்தார். கடைசியில் காம்பவுண்டு என்கிற மெருகுப் பசையைப் பூசி, பழைய பனியன் துணியால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்தித் துடைத்தோம். உள்ளே பல்பு தெரிந்தது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் சாவியோடு வந்து, "ஏறும்மா. உங்கம்மா ஊடு வரைக்கும் போய் லைட்டப் பாத்துட்டு வரலாம்" என்றார். வழி கேட்பார் என்று நினைத்தேன். ஏரிக்கரைத் திருப்பம்வரை கேட்காமலே ஓட்டினார்; முன்பே யாரிடமோ விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

வெளிச்சம் கண்ணில் பட, அம்மா வாசலுக்கு வந்து திகைத்து நின்றாள். இறங்கியவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த காசைத் தடவியபடி, கடையில் சோடா வாங்கி வருவதாகச் சொல்லிப் படியிறங்கினாள்.

"சோடாலாம் வோணாம் சம்பந்தி. ஊட்டுத் தண்ணியே குடுங்க."

அம்மா சொம்பைத் துலக்கினாள். கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அவர் அவசரப்படுத்தவில்லை. வாய் வைத்து முழுவதும் குடித்து, சொம்பை அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அவர் இறந்து ஆறு வருடமாகிறது. அந்தக் கார் என்ன ஆயிற்று என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. அவர் பேச்சு வந்தால் மட்டும் அவள் பெயரும் சொல்வதில்லை, சம்பந்தி என்றும் சொல்வதில்லை. "நம்ம ஊட்ல தண்ணி குடிச்சாரே, அவரு" என்பாள்.