வரியின் கடைசியில் சொருகிய சொல்

தச்சர் சீவுளியால் பலகையை இழைப்பதுபோலத்தான் நோர்வேயில் சீஸைச் சீவுகிறார்கள். பதினொரு மணிக்கே மதியச் சாப்பாடு. பாணின்மேல் பழுப்பு நிறச் சீஸ் ஒரு சீவல், அதன்பின் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அப்படியொரு மௌனமான சாப்பாட்டு வேளையில்தான், பேர்கன் நகரத்து அலுவலகத்தில், என் மடிக்கணினியில் குருநகரைத் திறந்தேன்.

இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கம் குருநகர் மீன்சந்தைக்கு ஏதாவது கட்டிக்கொடுக்க விரும்பியது. அங்கே மீன் விற்கும் பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, அவர்களில் ஒருவரான மேரி அக்கா பதில்களை ஒரு எக்செல் அட்டவணையில் அனுப்பியிருந்தார். ஒவ்வொருவர் சொன்னதும் முழுவதாக ஒரே கட்டத்துக்குள் கிடந்தது, இப்படி: “ஐஸ் பெட்டி, வெளிச்சம், கூரை, கக்கூஸ்.”

சங்கச் செயலாளர் அன்ரன் அண்ணை தொலைபேசியில் சலித்துக்கொண்டார். “ஒண்டோடை ஒண்டு ஒத்துவரேல்லை, பிள்ளை. ஆளாளுக்கு ஒவ்வொண்டு கேக்கினம். பேசாமல் வாசலிலை ஒரு வளைவு கட்டுவம். பின்னேரக் கூட்டத்திலை முடிவெடுக்கிறம்.”

“அதுக்கு முன்னம் நான் ஒருக்காப் பாக்கிறன், அண்ணை.”

தரவுகளை ஒழுங்காக்குவதுதான் என் தொழில். எக்செலில் பவர் குவெரி என்ற கருவியைத் திறந்து, காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டச் சொன்னேன். நெருக்கியடித்துக் கிடந்த சொற்கள் நிரல் நிரலாக விரிந்தன. முதல் நிரலில் ஐஸ், கூரை, தராசு. கண்ணை வலப்பக்கம் ஓட்டினேன். வரிகள் முடியும் இடங்களில்: கக்கூஸ். மலசலகூடம். ரொயிலற். ஒதுங்க ஓரிடம். எழுதியது வேறு வேறு, கேட்டது ஒன்றேதான்! எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கொடுத்து, விரிந்த நிரல்களை மறுபடி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எண்ணச் சொன்னேன். கக்கூஸ்தான் எல்லாவற்றையும் தாண்டி உச்சியில் போய் நின்றது.

துள்ளி எழுந்துவிட்டேன். எதிரே இருந்த இங்ரிட் திடுக்கிட்டு என்னவென்று கேட்டாள். அந்தச் சந்தோசத்தில் என் வாயில் வந்த ஒரே நோர்வீஜியச் சொல், “துவலெட்!” அவள் மிகுந்த அக்கறையோடு கதவைத் திறந்துவிட்டு வலப்பக்கம் கைகாட்டினாள்.

என் அம்மாவும் அந்தச் சந்தையில் மீன் விற்றவர். சந்தைக்குப் போகும் நாளில் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வெயிலேறி வீடு வந்ததும் கூடையை வாசலில் போட்டுவிட்டு வளவின் பின்பக்கம் ஓடுவார். சிறுமியான எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மேரி அக்காவை அழைத்தேன். “ஏனக்கா, உதை முதலே சொல்லேல்லை?”

“ஆம்பிளையள் வாசிக்கிறதிலை உதை எப்பிடி முதல் எழுதுறது? எல்லாத்துக்கும் பின்னாலை சொருகிவிட்டம்,” என்று சிரித்தார்.

அன்ரன் அண்ணைக்கு என் கணக்கை அனுப்பினேன்; அவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, “ஓம். வளைவு வேண்டாம்,” என்றார்.

அடுத்த விடுமுறைக்குக் குருநகர் போனேன். சந்தைக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியோடு புதுக் கட்டடம். பெண்கள் கதைத்துச் சிரித்தபடி வரிசையில் நின்றார்கள். நானும் பக்கத்தில் போனேன்.

“வெளிநாட்டாலை வந்தவ, முன்னுக்கு விடுங்கோ,” என்றார் ஒருவர்.

“அவ எங்கடை பிள்ளையெல்லே, வரிசையிலை நிக்கட்டும்,” என்றார் மேரி அக்கா.

முன்னால் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள். பின்னால் நின்றவர்கள் வரிசைக்குள் எனக்கு இடம் விட்டார்கள். எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியாமல், சிரித்துக்கொண்டே நடுவில் நின்றேன்.