பிளக்கில் இருந்த துளை

கஞ்சி போட்ட துணியில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப்பெட்டியை வைத்ததும் எழும் வாசனை எல்லோருக்கும் பிடிக்குமாம். நான் மட்டும் அது வந்தால் இன்றும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எழுபதுகளின் கடைசியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் தெருவே "சொல்தா" என்று அழைத்த என் பெரியப்பா, பிரான்சிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்தார்.

அதன் பிளக்கில் இரண்டு குச்சிகளும் ஒரு வெறும் துளையும் இருந்தன. அந்த ஊரில் பிளக்கைச் சொருகும் இடத்திலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது துளைக்குள் போய், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் "எர்த்து" கொடுக்கும் என்பதெல்லாம் எங்கள் ஊரான மூலக்குளத்தில் யாருக்குத் தெரியும்? குச்சிகள் லொடலொடவென்று எங்கள் சுவரில் நுழைந்தன, பெட்டி சுட்டது, அதுவே போதுமென்று இருந்தோம். மில் வேலைக்குப் போகும் அப்பாதான், பெட்டி அவ்வப்போது "சுர்ருன்னு" இழுப்பதைக் கண்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"அம்மா தேய்க்கிற வரைக்கும் சுவிச்சு மேல கைய வச்சிக்கினு நில்லு. ஒதறுனா ஒடனே அணைச்சிடு. அம்மாவ மட்டும் தொட்டுடாத."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா மரப்பலகைமேல் நின்று தேய்ப்பாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், தும்மினால்கூட அணைத்துவிடுவேன். "எத்தினி வாட்டிடீ அணைப்ப? பொட்டி ஆறிப்போவுது!" என்று சிரிப்பாள்.

ஓர் ஐப்பசிக் காலையில் தரையெல்லாம் ஈரம். பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அம்மா பலகையை மறந்து வெறுங்காலோடு என் பாவாடையைத் தேய்த்தாள். திடீரென்று அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது, பெட்டியோடு ஒட்டிய கை உதறியது, சத்தமே வரவில்லை. என் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அணைக்கவில்லை. பயத்தில் கை வரவில்லை. அம்மா பின்னால் சாய்ந்து விழ, அந்த இழுப்பில் லொடலொடத்த பிளக்கு தானே கழன்று வந்தது. அதற்குப் பிறகுதான் அணைத்தேன்.

கண் விழித்த அம்மா பார்த்தது சுவிட்சில் இருந்த என் கையை. "எம் பொண்ணு அணைக்கலன்னா அன்னிக்கே எனக்குப் பாலு ஊத்தியிருப்பாங்க" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

எண்பதுகளின் கடைசியில் என் அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தபோது, அதைப் பொருத்த வந்தவர் கேபிளைக் காட்டினார். "இந்தக் குண்டுக் குச்சி மத்த ரெண்டவிட நீளம்க்கா. உள்ள போறப்ப மொதல்ல போவும், வெளிய வர்றப்ப கடைசில வரும். கரண்டு வர்றதுக்கு முன்னாடியே எர்த்து வந்துடும். கம்ப்யூட்டர்ல சொருகுற இந்த முனையும் அப்படித்தான், மாத்திச் சொருகவே முடியாது."

மனிதக் கை உறைந்துபோகும் என்று யாரோ முன்கூட்டியே நினைத்து, அதன் வேலையை ஒரு குச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அன்று கழிவறைக்குள் போய் அழுதேன்.

அந்தப் பெட்டி இன்று இல்லை, மரப்பலகையும் இல்லை. மகள்தான் காப்பாற்றினாள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த அம்மாவும் இல்லை. எத்தனையோ முறை வாயெடுத்தும் நான் அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை.