வாய்தாவுக்கு ஐந்து ரூபாய்

எழுபதுகளில் விவாகரத்துக் கேட்டு ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் கோர்ட்டுக்கு இரண்டு வருடம் அலைந்தேன். என் வக்கீலுக்கு வாய்தாவுக்கு ஐந்து ரூபாய். ஒவ்வொரு முறையும் என் புருஷனின் வக்கீல் எழுந்து வேறு தேதி கேட்பார். என் வக்கீல் தலையை மட்டும் ஆட்டுவார். வெளியே வந்ததும் அவருடைய குமாஸ்தா ஐந்து ரூபாய்க்குக் கை நீட்டுவார்.

பதினேழாவது வாய்தா அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நடவு நடுகிறவள். நேரே வக்கீலின் அறைக்குப் போனேன்.

"சார், நாள் கூலின்னா ஒரு கழனிய நாங்க மூணு நாள் நடுவோம். மொத்தமா பேசி உட்டா பொழுது சாயறதுக்குள்ள கரையேறிடுவோம். உங்களுக்கும் மொத்தமா நூறு ரூபா. இன்னிக்குப் பாதி, கேஸ் முடிஞ்ச அன்னிக்கு மீதி. எத்தினி வாய்தா ஆனாலும் அதுக்கு மேல பைசா கிடையாது."

"வக்கீலுக்கே நடவுக் கூலியா?" என்று சிரித்தார். ஆனாலும் ஐம்பதை வாங்கி மேசைக்குள் வைத்தார்.

அடுத்த வாய்தாவில் எதிர் வக்கீல் வழக்கம்போல் தேதி கேட்டார். என் வக்கீல் துள்ளி எழுந்தார். "இந்தப் பெண் இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறாள்! இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது!" ஓட்டுக் கூரை அதிர்ந்தது. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அதற்கு மூன்றாவது வாய்தாவில் தீர்ப்பு என் பக்கம் வந்தது. மீதி ஐம்பதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தேன். வாசலில் என் பழைய புருஷனை மறித்துக்கொண்டு, அவன் வக்கீலின் குமாஸ்தா அன்றைய வாய்தாப் பணத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.